விழாமல் நிற்கப் பழகுவோம்: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான உடற்பயிற்சி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் நலவாழ்வுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி பற்றியெல்லாம் இந்தக் கூடத்தில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று ரத்தப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக ஒரே ஒரு விஷயம்: சிகிச்சையில் இருப்பவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது. எந்த வீட்டில், யாருக்கு என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இத்தனை வீடுகள் இருக்கும் வளாகத்தில் இன்றில்லாவிட்டாலும் நாளை இது யாரோ ஒருவர் வீட்டுக்குத் தேவைப்படும்.

முன்பெல்லாம் இந்த நோய் என்றால் ஆஸ்பத்திரியிலேயே வாரக்கணக்கில் கிடப்பார்கள். இப்போது பல சிகிச்சைகளில் காலையில் போய் ஊசி போட்டுக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். சிலருக்கு மாத்திரை மட்டும்தான். அதனால் நோயாளி பெரும்பாலான நேரம் இருப்பது நம் ஃபிளாட்டில், நம் டைல்ஸ் தரையில், நம் பாத்ரூமில். விழுவதும் அங்கேதான். விழாமல் தடுக்கக்கூடியதும் அங்கேதான்.

ஏன் தடுமாறுகிறார்கள்?

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. ரத்த அணுக்களில் வரும் லுக்கேமியா, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டித் தெரியவரும் லிம்போமா, எலும்பு மஜ்ஜையில் தொடங்கி எலும்பை அரிக்கும் மல்டிபிள் மயலோமா என்று பல வகை. வகை எதுவாக இருந்தாலும், காலைத் தடுமாற வைக்கும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, பாதம் மரத்துப் போவது. லிம்போமாவுக்கும் லுக்கேமியாவுக்கும் கொடுக்கும் வின்கிரிஸ்டின், மயலோமாவுக்குக் கொடுக்கும் போர்ட்டிசோமிப், தாலிடோமைடு போன்ற மருந்துகள் கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழன்றதே தெரியல" என்று சொல்வார்கள். தரை எங்கே இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்வது குறைந்துவிட்டது என்று பொருள். பகலில் கண் அதை ஈடுகட்டும். இரவில் விளக்கில்லாமல் எழுந்தால் ஈடுகட்ட ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தொடைத் தசை இளைப்பது. டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகளைப் பலவீனமாக்கும். சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பது இதன் முதல் அறிகுறி. தூக்கத்தையும் அது கெடுக்கும்.

மூன்றாவது, ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறையும்போது களைப்பும் கிறுகிறுப்பும் வரும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பில் நீர் குறைந்தாலும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்.

விழுந்தால் ஏன் கூடுதல் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். சாலை விபத்துக்கு அடுத்தபடியாக, தற்செயலான காயங்களால் வரும் மரணங்களில் இது இரண்டாம் இடம். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

ரத்தப் புற்றுநோய் இருப்பவருக்கு இதற்கு மேல் இரண்டு ஆபத்துகள் உண்டு. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள், நமக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை இருக்கும். கீமோவின்போது அது 50,000, 20,000 என்று இறங்கலாம். அந்த நேரத்தில் தலையில் பட்ட சிறு அடிகூட மூளைக்குள் ரத்தக் கசிவாக மாறலாம். மயலோமா இருப்பவர்களுக்கோ எலும்பே உளுத்துப் போயிருக்கும். மற்றவருக்கு வீக்கத்தோடு போகும் அடி அவர்களுக்கு முறிவாக முடியும். முறிந்து படுத்தால் கீமோ தள்ளிப்போகும். நோய்க்கான சிகிச்சையே தடைப்படுகிறது.

ஓய்வு எவ்வளவு தேவை?

இவ்வளவு ஆபத்து என்றால் எழுந்திருக்கவே விடாமல் படுக்க வைத்துவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். "அப்பா, நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்." தண்ணீர் கட்டிலுக்கு வரும், சாப்பாடு வரும், ரிமோட் வரும். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பு காலை இளைக்க வைக்கிறது.

2007-ல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஒரு ஆய்வு வெளியானது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி. கீமோவும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பை நினைத்துப் பாருங்கள்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பெரியவருக்கு மயலோமா. இரண்டு மாதம் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் வீட்டில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் இரவு சிறுநீர் கழிக்க மட்டும் யாரையும் எழுப்ப அவருக்கு மனமில்லை. தானே எழுந்து போவார். பகலெல்லாம் வேலை செய்யாத அந்தக் கால்களுக்கு அந்த எட்டு அடி தூரம்தான் ஒரு நாளின் முழு வேலை. மூன்றாவது மாதம் அந்த எட்டு அடியில்தான் விழுந்தார். நோயாளியை 24 மணி நேரமும் யாராலும் காவல் காக்க முடியாது. யாரும் பார்க்காத அந்த ஒரு நிமிடத்துக்கு அவருடைய கால்களைத் தயார்படுத்தி வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

பயிற்சியால் பலன் உண்டா?

உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் முதியவர்களுக்காக வீட்டிலேயே செய்யும் கால் வலிமை, சமநிலைப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். அதோடு நடை. 65 முதல் 97 வயது வரையுள்ள 1,016 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2019-ல் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் உடற்பயிற்சி விழுதலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று தெரிந்தது.

அவை பொதுவாக முதியவர்களைப் பற்றியவை. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் மட்டும், எத்தனை முறை விழுந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆய்வுகள் குறைவுதான். ஆனால் விழுவதற்குக் காரணமான பலவீனமும் மரத்துப்போதலும் பயிற்சியால் மாறுமா என்று பார்த்திருக்கிறார்கள். 2014-ல் ஜெர்மனியில் ஃபியோனா ஸ்ட்ரெக்மான் குழுவினர் 61 லிம்போமா நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சிகிச்சை நடக்கும்போதே வாரம் இரண்டு முறை, 36 வாரம் சமநிலைப் பயிற்சியும் மற்றப் பயிற்சிகளும் செய்தது. கால் உணர்வு மங்கியிருந்தவர்களில், பயிற்சி செய்த குழுவில் பெரும்பாலோருக்கு உணர்வு மேம்பட்டது. பயிற்சி செய்யாத குழுவில் ஒருவருக்கும் மேம்படவில்லை. நிற்கும்போது வரும் ஆட்டமும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது.

"தினமும் வாக்கிங் போறாரே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். நடை நல்லது, களைப்பைக் குறைக்கும். ஆனால் விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. தடுமாறும் உடம்பை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது சமநிலைப் பயிற்சி. எழவும் உட்காரவும் பலம் தருவது தொடைப் பயிற்சி. மூன்றும் சேர வேண்டும்.

தொடங்கும் முன் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

முதலில் உங்கள் ரத்த நோய் மருத்துவரிடம் "பயிற்சி செய்யலாமா, எந்த அளவுக்கு?" என்று கேட்டுவிடுங்கள். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் உங்களுக்கு.

- பிளேட்லெட் 50,000-க்கு மேல்: கீழே சொல்லும் பயிற்சிகள் அனைத்தும் செய்யலாம்.
- 20,000 முதல் 50,000 வரை: எடை தூக்குவதும் ரப்பர் பட்டை இழுப்பதும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்க, மெதுவான பயிற்சிகள் மட்டும்.
- 20,000-க்குக் கீழ்: மருத்துவர் அனுமதித்தால் உட்கார்ந்தபடி கால் அசைப்பது, துணையோடு வீட்டுக்குள் நடப்பது. அவ்வளவுதான்.
- 10,000-க்குக் கீழ், அல்லது ஈறு, மூக்கில் ரத்தம், உடம்பில் புதிய சிவப்புப் புள்ளிகள்: பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.
- ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ், அல்லது நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல்: கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.
- காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்: பயிற்சி என்ற பேச்சே இல்லை. கீமோவில் இருப்பவருக்கு அது அவசர நிலை. பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மயலோமா இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதுகெலும்பு, தொடை எலும்பு எப்படி இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். குனிந்து கால் விரலைத் தொடுவது, இடுப்பை முறுக்குவது, குதிப்பது, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவது எதுவும் கூடாது. முதுகில் புதிதாகக் கடும் வலி, கால்களில் திடீர் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஒரு சிறு சோதனை

அனுமதி கிடைத்ததும் இப்போதைய பலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி, 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14-க்குக் குறைவாகவும் பெண்கள் 12-க்குக் குறைவாகவும் எடுத்தால் விழும் வாய்ப்பு அதிகம். 70 முதல் 74 வயதில் அந்த எண் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. குறைந்தால் பயப்பட வேண்டாம். காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை மறுபடி எண்ணிப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

வீட்டிலேயே செய்யும் ஐந்து பயிற்சிகள்

இடம் சமையலறை. சமையல் மேடை அசையாது, பிடித்துக்கொள்ள ஏற்ற உயரம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும், சக்கர நாற்காலி உருளும், இரண்டும் வேண்டாம். வாரம் மூன்று நாள். ஒவ்வொரு முறையும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. உட்கார்ந்து எழுதல். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து வரை. முடியாதவர்கள் முதலில் தொடையில் கை ஊன்றி எழலாம். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

2. குதிகால் உயர்த்துதல். மேடையைப் பிடித்துக்கொண்டு கால் விரல்களில் எம்பி நின்று மெதுவாக இறங்குங்கள். பத்து முறை. பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்குங்கள். தரை விரிப்பில் கால் தட்டாமல் இருக்க உதவுவது இந்த இரண்டாவதுதான்.

3. பக்கவாட்டில் கால் தூக்குதல். உடம்பைச் சாய்க்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் ஓரடி தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து. இடுப்புத் தசைக்கானது.

4. சமநிலை. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து 10 விநாடி நில்லுங்கள். அது எளிதானால் ஒரு பாதத்தை அரை அடி முன்னால் வையுங்கள். அதுவும் எளிதானால் ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நில்லுங்கள். பிறகுதான் ஒற்றைக் கால். முதலில் இரு கைகளாலும் பிடித்து, அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனி மட்டும். கண்ணை மூடிச் செய்வது வீட்டில் தனியாக வேண்டாம்.

5. மேடையோரம் நடை. மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நண்டு போல நான்கடி போய்த் திரும்புங்கள். பிறகு அடி மேல் அடி வைத்து, குதிகால் விரலைத் தொட நேராக நடங்கள்.

இதோடு நடை. முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கீமோ போட்ட நாளும் மறுநாளும் உடம்பு கேட்கிறபடி குறைத்துக்கொள்ளுங்கள். அன்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாலும் போதும். முழுவதுமாக விட்டுவிட்டு, "எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். முடிந்த பிறகு இழந்த தசையைத் திரும்பப் பெறுவது அதைவிடக் கடினம்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

பயிற்சியோடு வீடும் ஒத்துழைக்க வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. கழிப்பறைச் சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடிக் கம்பி. துண்டு மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது. குளியலறையில் வழுக்காத மிதியடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். ஹாலில் சுருண்டு கிடக்கும் தரை விரிப்பை எடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் உள்ளே செருப்பு போட மாட்டோம். மரத்துப்போன பாதத்துக்கு அது சரிப்படாது. வீட்டுக்குள் மட்டும் போட, பின்பக்கம் வார் உள்ள ஒரு ஜோடி தனியாக வாங்கிக் கொடுங்கள். ஹவாய் செருப்பு கழன்று காலை வாரிவிடும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை நாலு முறை அசைத்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கால் மரத்துப்போவதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பல பேர் மருத்துவரிடம் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். அளவைக் குறைத்தோ, இடைவெளி கூட்டியோ, மருந்தை மாற்றியோ கொடுக்க வழி உண்டு. கீழே விழாமல் தப்பித்த தடுமாற்றங்களையும் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால்

பதறி அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். எங்கே வலி, தலையில் பட்டதா என்று கேளுங்கள். தலையில் பட்டிருந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசி ரத்த ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் கூடவே போகட்டும். மயலோமா மருந்துகள் சிலவற்றோடு ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள், அதையும் சொல்லுங்கள். இடுப்பிலோ முதுகிலோ வலி என்றால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், மயலோமாவில் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

நோயாளி வீட்டு வாசலைத் தாண்டியதும் பொறுப்பு நம் எல்லோருக்கும் வருகிறது. சங்கத்தின் முன் நான்கு விஷயங்களை வைக்கிறேன். நடைபாதையில் நூறு அடிக்கு ஒரு பெஞ்ச். சாய்தளத்தின் இரண்டு பக்கமும் கைப்பிடி. தாழ்வாரத்தை மாப் போடும் நேரத்தைக் காலை 10 மணிக்குப் பிறகு என்று நிர்ணயித்து, ஈரம் காயும் வரை பலகை வைப்பது. லிஃப்ட் பராமரிப்பு என்றால் முந்தைய நாளே குழுவில் தகவல் போடுவது, ஏனென்றால் கீமோவுக்குப் போய் வருபவரை ஆறு மாடி ஏற வைக்கக் கூடாது. எந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையும் என்பது செக்யூரிட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேலை உண்டு. "சும்மா ரெஸ்ட் எடுங்க, ஏன் நடக்கறீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் கூட நாலு தடவை நடந்துவிட்டு வாருங்கள். நமக்குச் சளி, இருமல் இருந்தால் மட்டும் அன்று போக வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் சுவரோடு ஒரு நாற்காலியைப் போட்டு முப்பது விநாடி எண்ணிப் பாருங்கள். நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, இல்லாதவர்கள் இன்றைக்கே. பயிற்சிகளைச் செய்து காட்ட வேண்டும் என்று விரும்புபவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள், வீட்டுக்கே வந்து காட்டுகிறேன்.